தந்தியைத் திருப்பி அனுப்புகிறேன், மாமா

ஒரகடம் அருகே,
மார்கழி 13, ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய இராமச்சந்திரன் மாமா அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் அக்காள் மகள் மதிவதனி அடக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் இருபது பெட்டை ஆடுகளும் சௌக்கியம். அங்கே நீங்களும், அத்தையும், அத்தையின் முழங்காலும், உங்கள் பட்டியில் மீதமுள்ள கிடாக்களும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிவைத்த கிடா ‘தந்தி’யும் சௌக்கியம்தான். சௌக்கியமாக இருப்பதைத் தவிர அது வேறு எதுவும் செய்வதில்லை என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு முறை ஆரம்பித்தேன். ‘கிடா’ என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள், “எதுவா இருந்தாலும் எழுத்துல குடு பாப்பா, வாயால சொன்னா நான் வாங்கிக்கமாட்டேன்” என்று வைத்துவிட்டீர்கள். முப்பத்தாறு வருஷம் தபால்காரராக இருந்தவரிடம் வேறு எப்படிப் பேச முடியும்? எழுத்தில் கேட்டிருப்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

பத்தொன்பது வருஷம் நான் ரப்பர் வளையம் பார்த்தேன். கார் எஞ்சினுக்குள் ஏதோ ஒரு மூலையில் எண்ணெய் ஒழுகாமல் பிடித்துக்கொள்கிற, சுண்டுவிரலில் மாட்டுகிற அளவு வளையம். ஒரு ஷிஃப்டுக்கு நாலாயிரம். நல்லது என்றால் இந்தப் பெட்டி, கெட்டது என்றால் அந்தப் பெட்டி. போன தை மாதம் என் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு கேமராவை வைத்தார்கள். அது டீ குடிக்க எழுந்து போவதில்லை, கழுத்து வலி என்று லீவு கேட்பதில்லை. எனக்கு ஒரு சால்வையும் ஒரு காசோலையும் கொடுத்து கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். சால்வையைப் பீரோவில் வைத்தேன். காசோலையை இருபது செம்மறி ஆடாக மாற்றினேன். ஏன் ஆடு என்று எல்லாரும் கேட்டார்கள். உங்களைத் தவிர. எதையும் ‘கெட்டது’ என்று எடுத்து அந்தப் பெட்டியில் போட வேண்டாத ஒரு வேலையை மிச்சமிருக்கும் வருஷங்களில் செய்ய வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். கம்பெனிகளுக்கு எடுத்துக்கொண்டது போக உங்கள் மாப்பிள்ளையின் பங்கில் எழுபது சென்ட் நிலமும் ஒரு கிணறும் மிச்சம் இருந்தன. மூன்று பக்கமும் கம்பெனி மதில். பட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பு எங்கே கிடைக்கும்?

உங்கள் மாப்பிள்ளை மறுப்பு சொல்லவில்லை. பகலவன் என்று பேர் வைத்திருந்தாலும் அவர் சுடுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு கெடு மட்டும் வைத்தார். இந்தப் பொங்கலுக்குள் பட்டியில் ஒரு குட்டியாவது கத்த வேண்டும். கத்தாவிட்டால் ஆடுகளைக் கொடுத்துவிட்டு நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் டாக்குமென்ட் செக்‌ஷனுக்குப் போக வேண்டும். வேறொருவர் பார்த்து ‘நல்லது’ என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை நான் பார்த்து ‘நல்லது’ என்று கையெழுத்துப் போடுகிற வேலை. ஆர்டர் வந்துவிட்டது. ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். நான் எதற்காகப் பதறுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் தந்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. சேதி போகிற வேகத்தில் காரியம் முடிக்கும் என்பதால் அந்தப் பெயர் வைத்ததாகச் சொன்னீர்கள். அதன் கழுத்தில் ஒரு இன்லேண்ட் லெட்டரைக் கட்டி அனுப்பியிருந்தீர்கள். அதை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். குளிப்பாட்டாதே, அதன் வாடைதான் பெட்டைகளுக்கு அழைப்பிதழ் என்று எழுதியிருந்தீர்கள். வெயிலில் கட்டாதே, கிடா சூடேறினால் விதை கெட்டு இரண்டு மாசத்துக்கு உதவாது என்று எழுதியிருந்தீர்கள். காவியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு நாளைக்கு ஒரு தரம் நெஞ்சில் பூசு, அது ஏறிய பெட்டையின் முதுகில் காவி ஒட்டியிருக்கும், பதினேழு நாள் கழித்து வேறு நிறம் பூசு, புது நிறம் எதன்மேல் ஒட்டுகிறதோ அது இன்னும் சினை நிற்கவில்லை என்று அர்த்தம் என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி, ‘சந்தேகப்படாதே’ என்று ஒரு சொல்.

இதில் காவி விஷயத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு. இருபத்திரண்டு வருஷமாகக் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிற மனிதரிடம் போய் காவியும் நல்லெண்ணெயும் என்று சொல்லலாமா? ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். “எண்ணெய்ல குழைச்சா அது காயவே காயாதே மதி. தொட்டா ஒட்டிக்கும். தொட்டா ஒட்டிக்கிற பெயின்ட்ட எங்க லைன்ல வுட்டா என்னை அன்னிக்கே கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்க” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒழுகாதது, ஒட்டாதது, உதிராதது, இவற்றை மட்டுமே ‘நல்லது’ என்று ஒப்புக்கொண்டு பழகியவள்தானே நானும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது என்று தந்திக்கு ஸ்ட்ராபெர்ரி ஷாம்பு போட்டு இரண்டு முறை தலை முதல் வால் வரை அலசினார். (உங்கள் முதல் உத்தரவு அதோடு போயிற்று.) நெஞ்சு முடியைச் சமமாகக் கத்தரித்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் ப்ரைமர், அதன்மேல் மஞ்சள், அதன்மேல் பளபளப்புக்கு க்ளியர் கோட். தோலில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை, முடியின்மேல் மட்டும்தான், அந்தக் கை சுத்தத்தை நீங்களே வந்து பார்த்தாலும் மெச்சுவீர்கள். என் ஹேர் டிரையரை வைத்துக் காயவைத்தார். அரைமணி கழித்து விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார். விரலில் ஒன்றுமில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டினார். தந்தி போய் நிழலில் படுத்தது. படுக்கும்போது ‘டொக்’ என்று சத்தம் கேட்டது.

பதினேழு நாள் கழித்து மஞ்சளின்மேல் சிவப்பு. அதிலிருந்து பதினேழு நாள் கழித்து சிவப்பின்மேல் நீலம். ஐம்பத்தோரு நாளும் ஒவ்வொரு பெட்டையின் முதுகையும் நான் காலையிலும் மாலையிலும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் காதில் L-01 முதல் L-20 வரை வில்லை மாட்டி, ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டி, நனையாமல் இருக்க அதை லாமினேட்டும் செய்து, கட்டம் கட்டமாகக் குறித்து வந்தேன். ஒரு முதுகிலும் மஞ்சள் இல்லை. சிவப்பு இல்லை. நீலம் இல்லை. கடைசி நாள் உங்கள் மாப்பிள்ளை டார்ச் அடித்துத் தந்தியின் நெஞ்சைச் சோதித்தார். “ஒரு கீறல் இல்ல மதி. போட்டது போட்டபடி கீது. இவன் ஒரு நாளும் வேலைக்கே போகல” என்றார். ஏமாற்றத்தோடு சொன்னாரா பெருமையோடு சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அட்டவணையை மட்டும் நம்பி ஒரு ஜீவன்மேல் பழி போடக் கூடாது என்று நேரிலும் கண்காணித்தேன். ஜெனரல் ஷிஃப்ட். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை, சாப்பாட்டுக்கு அரைமணி, டீக்கு இரண்டு முறை பத்து நிமிஷம். பட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் நோட்டு வைத்து உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று வாரம் நான் வந்து உட்காரும்போதே தந்தி களைத்துப்போய் நாக்கு வெளியே தெரியப் படுத்திருக்கும். என்ன செய்து களைத்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. பகல் முழுக்க அசை போட்டது, தூங்கியது, எழுந்து தண்ணீர் குடித்தது, மறுபடியும் தூங்கியது. அதற்கப்புறம் அந்தக் களைப்பும் போய்விட்டது. புரட்டாசியிலிருந்து அதுவும் பெட்டைகளும் ஒரே கம்பெனியில் வேறு வேறு டிபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள்போல் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகிறார்கள், வருகிறார்கள். முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை.

ஆவணி ஆரம்பத்திலேயே, வெயில்தான் காரணமோ என்று பயந்து பட்டிக்கு ஒயர் இழுத்து ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்தேன். தந்தி அதன் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். அடுத்த தெரு ராஜம்மாவை உங்களுக்குத் தெரியாது. ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறாள். என் வயதுதான், வாய் மட்டும் மூத்தது. நாலு வெள்ளாடு வைத்திருக்கிறாள். அவளுடைய கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்கு எங்கள் வேலியோரம்தான் நிற்கும். ஃபேனைப் பார்த்துவிட்டு, “எம்மா, உன் வூட்டுக்காரருக்குக்கூட இந்தக் காத்து கெடைக்கலியே” என்றாள். நான் நிலைமையைச் சொன்னேன். அவள் என் நாற்காலியையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, பகல்ல குந்திகினு இன்னாத்த பாக்கற? நான் பஸ்ஸுக்கு நிக்கசொல்ல வந்து பாரு. உன் கெடா ஃபர்ஸ்ட் ஷிஃப்டு. ஒம்போது மணிக்கெல்லாம் டூட்டி முடிஞ்சி பூடுது.”

பார்த்தவர் பெயர், தேதி, நேரம், ஆட்டின் நம்பர் இல்லாமல் எதையும் பதிவில் ஏற்ற முடியாது என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். “நம்பரா? பஸ்ல கீற அம்பது பேரும் பாத்துகினுதான் போறாங்க, வந்து கையெழுத்து போடச் சொல்லட்டா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதை நான் அட்டவணையில் சேர்க்கவில்லை. பெயின்ட் இல்லாத இடத்தில் எதை வைத்துச் சேர்ப்பது?

தீனியிலும் நான் குறை வைக்கவில்லை. கிடா சேர்க்கும் முன் மூன்று வாரம் நல்ல தீனி கொடுத்தால் பெட்டைகள் ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் என்று படித்து, மக்காச்சோளமும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கொடுத்தேன். பலன் தெரியவில்லையே என்று மூன்று வாரத்தை நாலு மாசமாக நீட்டினேன். பலன் தெரிந்தது, வேறு விதமாக. எல்லாம் பெருத்துவிட்டன. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. L-07 பட்டிக் கதவில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பி நுழைகிறது. கொழுப்பு வைத்தால் கருப்பை வேலை செய்யாது என்று உங்கள் மாப்பிள்ளை எங்கோ படித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து தினம் காலை இருபதையும் சர்வீஸ் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போகிறேன். அவை பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகின்றன. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழி விடுகின்றன. ஒரு டிரைவர் கீழே இறங்கி வந்து L-07-க்கு வாழைப்பழம் கொடுத்தார், அவருக்கே மனசு கேட்கவில்லை.

ஒருநாள் ராஜம்மா இதைப் பார்த்துவிட்டு ரோட்டின் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

“ஏம்மா, புள்ளத்தாச்சிங்கள எதுக்கு ஓட்டிகினு போற? மடி எறங்கிகினு கீது, கண்ணு தெரியலியா?”

“அது கொழுப்பு ராஜம்மா” என்றேன்.

“கொழுப்புதான். ஆனா ஆட்டுக்கு இல்ல” என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரில் ஒருத்தி கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பியா நான் முடிவெடுப்பது, முறைப்படி போகலாம் என்று படப்பை கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அட்டவணை, எடை கிராஃப், தந்தியின் நெஞ்சை மூன்று கோணத்தில் எடுத்த போட்டோ, எல்லாம் ஒரு ஃபைலில். டாக்டர் ஷெர்லின் ரொம்பத் தன்மையானவர். ஃபைலை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆடு எங்கம்மா?” என்று கேட்டார். ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். பதினேழு நாள், இருபது நாள் கழித்து எந்தப் பெட்டையாவது மறுபடியும் பருவத்துக்கு வந்து கிடாவைத் தேடுகிறதா என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, புரட்டாசியிலிருந்து ஒன்றுகூடத் தேடவில்லை டாக்டர் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்ப நல்லதுதானேம்மா, கவலப்படாம வீட்டுக்குப் போங்க, அந்தப் பக்கம் கேம்ப் வரும்போது நானே வந்து பாக்கறேன்” என்றார். அதற்குள் எனக்குப் பின்னால் ஒருவர் கழிச்சல் கண்ட கன்றோடு வந்து நின்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் அந்த வாக்கியமே காதில் இருந்தது மாமா. கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்க. எத்தனை டாக்டர்கள் அதே சிரிப்போடு எனக்கு அதைச் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு வருஷம் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அப்போதும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு அட்டவணை இருந்தது. அதுவும் என் கையெழுத்துதான். அதிலும் கட்டங்கள், தேதிகள், மூன்று நிறப் பேனாக்கள். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கும் முன் வயிற்றைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பார்கள், பழியை யார்மேல் வைக்கலாம் என்று. நீங்கள் ஒருவர்தான் வந்து செருப்பைக் கழற்றும்போதே, “கிணத்துல தண்ணி எவ்ளோ பாப்பா கெடக்குது?” என்று கேட்பீர்கள். தண்ணீரில் முங்கிய கிணற்று உறைகளை எண்ணி, மூணு உறை மாமா, நாலு உறை மாமா என்று நான் சொல்வேன். வேறு எதுவும் கேட்க மாட்டீர்கள். உத்திரமேரூரிலிருந்து வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தினம் காலையில் பட்டிக்குப் போய், இருபது பெண் ஜீவன்களின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு அந்தக் கிடாவைப் பார்க்கிறேன். ஒருநாள் L-07 திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அன்று ஒரு நாள் மட்டும் அட்டவணையில் எதுவும் குறிக்காமல் விட்டேன். மறுநாள் சேர்த்துக் குறித்துவிட்டேன், என்ன செய்வது, பழக்கம்.

ஆகவே மாமா, முடிவுக்கு வருகிறேன். பென்னலூரில் கறிக்கடை வைத்திருக்கும் சுடலை என்பவரிடம் பேசிவிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது. நான் வாட்ஸப்பில் அனுப்பிய எடை கிராஃபைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனமான ஆடுகளை இந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை என்று போனிலேயே ஒப்புக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை குட்டி யானை வண்டியோடு வருகிறார். இருபதையும் இரண்டு நடையாக ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, மூன்றாவது நடையாகத் தந்தியை ஏற்றிக்கொண்டு உத்திரமேரூருக்கு வந்து உங்கள் கையில் ஒப்படைப்பார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். தந்தியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாராலும் எல்லாம் முடிவதில்லை, அதை என்னைவிட யார் அறிவார்கள்? அதை அடிக்காதீர்கள், ஏளனமாகவும் எதுவும் பேசாதீர்கள். ஆனால் அந்தப் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். வேறு யாராவது நம்பி ஏமாறக் கூடாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்குத் தைலம் தனியாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். பெரியவர்களாக இருந்து, புது வேலையில் நான் மனம் ஒப்பி உட்கார வேண்டும் என்று ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டியும் உங்கள் பாசத்தைத் தட்டாத மருமகள்,
மதிவதனி பகலவன்.

பின்குறிப்பு. செவ்வாய், மார்கழி 15, காலை பத்து மணி.

மேலே எழுதியிருப்பது எதையும் நம்ப வேண்டாம்.

சுடலை ஆறரை மணிக்கே வந்துவிட்டார். ஏற்றுகிற ஆட்டையெல்லாம் டிக் அடிப்பதற்காக நான் அட்டவணையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு போய் நின்றேன். முதலில் L-07. அவர் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து அரையடி தூக்கினார். அப்படியே நின்றார். பிறகு, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல் கீழே வைத்தார்.

“யக்கா, இத அறுக்கதுக்கா குடுக்கிய?”

ஆமாம் என்றேன். ஒன்றும் சினை இல்லை, எல்லாம் பதிவில் இருக்கிறது என்று அட்டவணையை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

“அதுல என்ன எழுதிருக்கோ எனக்குத் தெரியாது. நெறசெனையால்லா நிக்கு. மடியப் பாருங்க, மூஞ்சியப் பாருங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கத வண்டில ஏத்தச் சொல்லுதியளே, நல்லாருப்பனா நான்?”

பிறகு பட்டிக்குள் புகுந்து ஒவ்வொன்றாக வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பத்தொன்பது, மாமா. இருபதில் பத்தொன்பது. L-13 மட்டும் இல்லை. “இது சும்மா தின்னு பெருத்துருக்கு” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் L-07 வண்டிச் சக்கரத்தின் ஓரமாக ஒதுங்கிப் படுத்துக்கொண்டது. நான் கையிலிருந்த அட்டவணையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து விழுந்த குட்டியின் மூக்கைத் துடைக்க ஏதாவது கொடுங்கள் என்று சுடலை கை நீட்டினார், நான் பதற்றத்தில் அட்டவணையைக் கொடுத்தேன். லாமினேட் செய்திருந்ததால் அது துடைக்கக்கூட உதவவில்லை. தன் தோள் துண்டை எடுத்துத் துடைத்தார். ஒன்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டும் பெட்டை. தாய் நக்கிக் கொடுக்க, மூத்தது நடுங்கிக்கொண்டே எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, என் முழங்காலில் வந்து முட்டிக் கத்தியது. ராஜம்மாவுக்கு இன்று வார லீவு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

“இன்னாம்மா, கொழுப்பு கத்துது?”

நான் அழுதுகொண்டிருந்தேன், அவளும் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உங்கள் மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். குட்டிகளைப் பார்த்தார். பத்தொன்பது என்று சொன்னோம். நேராகத் தந்தியிடம் போய் அதன் நெஞ்சில் விரலை அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். “மதி, இது ஒட்டணும்ல?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு தந்தியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ சொன்னார். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். அது ஃபேன் பக்கம் திரும்பிக்கொண்டது.

சுடலை வெறும் வண்டியோடு திரும்பிப் போய்விட்டார். ஆகவே தந்தி வரவில்லை, கடிதம் மட்டும் தபாலில் வருகிறது. கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். ஆனால் முகவரி எழுதிவிட்ட கடிதம் போய்ச் சேர்ந்தே தீர வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். நாலாம் பக்கம் வருவதற்குள் உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும் என்பதும், அத்தையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிச் சிரித்திருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்ற வேண்டாம். இன்லேண்ட் லெட்டரின் ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்த ஒரு சொல்லை நான் இப்போதுதான் சரியாகப் படித்தேன். மறைமலை நகருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். தந்தியின் நெஞ்சிலிருந்து மூன்று நிறப் பெயின்ட்டையும் எடுக்க வழி இருந்தால் உடனே எழுதுங்கள். பத்து வருஷத்துக்குப் போகாது என்று உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். இந்த முறை அவர் பெருமையோடு சொல்லவில்லை.

L-11 இப்போது தனியாக ஒதுங்கி நிற்கிறது. ராஜம்மா வெந்நீர் கேட்கிறாள். நான் போக வேண்டும். பொங்கலுக்கு நீங்களும் அத்தையும் கட்டாயம் வர வேண்டும். செருப்பைக் கழற்றும்போது வழக்கம்போல் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும், குட்டி எத்தனை என்றும் கேட்கலாம்.